கொள்ளிடக் கரைக்குத் தடை சரி, மாற்றுப்பாதை சரியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்ததை முன்னிட்டு எங்கள் ஊர் ஆற்றங்கரையில் நடமாடுவதற்குத் தடை விதிக்கப்பட்டது குறித்தும், அந்தத் தடையோடு எங்களுக்குக் காட்டப்பட்ட மாற்றுவழி குறித்தும் இக்கடிதத்தை எழுதுகிறேன். தடையை நான் குறை சொல்லவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன். கரை தொட்டு ஓடும் ஆற்றின் ஓரத்தில் கிழவர்களையும் குழந்தைகளையும் நடக்க விடாமல் தடுத்தவர்கள் செய்தது சரியான காரியம். ஆனால் கரையிலிருந்து எங்களைக் கீழே இறக்கியவர்கள், இறங்கியவர்கள் எங்கே போவார்கள் என்று யோசிக்கவில்லை.

திருமானூருக்கும் அணைக்கரைக்கும் இடைப்பட்ட பகுதியில், கொள்ளிடத்தின் வடகரையில் எங்கள் ஊர் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலை ஐந்தே முக்கால் மணிக்குப் படித்துறை அரசமரத்தடியில் கூடி, கரைமேல் ஏறி, கிழக்கே இரண்டாவது மதகு வரை நடந்து திரும்புவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். போக வர ஐந்து கிலோமீட்டர் இருநூறு மீட்டர். நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். ‘சுமார்’ என்று சொல்லிப் பழக்கமில்லை. தொடங்கியபோது நாங்கள் நான்கு பேர், நால்வரும் சர்க்கரை நோய்க்காக மருத்துவர் சொல்லி நடக்க வந்தவர்கள். இப்போது முப்பது பேருக்குக் குறைவதில்லை. அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் பள்ளிப் பிள்ளைகள். கரையின் மண்சுவரில் பஞ்சுருட்டான் குருவி துளைத்து வைத்திருக்கும் வளைகளை எண்ணி நோட்டில் எழுதுவது அவர்கள் வேலை. போன பங்குனியில் எண்ணியபோது நாற்பத்தொரு வளைகள் இருந்தன. ஒரு சிறுமி நாற்பத்திரண்டு என்று சாதித்ததால் மறுவாரம் எல்லோரும் நின்று மறுபடியும் எண்ண வேண்டியதாயிற்று. அவள் சொன்னதுதான் சரி.

ஆடி மாதத்து வெள்ளத்தை வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்புவதில்லை. எங்கள் ஊரில் அன்று ஒரு சொட்டு மழை இருக்காது. வானம் வெளுத்திருக்கும், வாசலில் மிளகாய் காயும், கொல்லையில் புழுதி பறக்கும். ஆறு மட்டும் நிறைந்து ஓடும். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். அங்கே தென்மேற்குப் பருவமழை வலுத்து, கபினியும் கிருஷ்ணராஜசாகரும் நிரம்பி, உபரிநீர் மேட்டூருக்கு வந்து, 120 அடி நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவும் உடைய அந்த அணையும் நிறைந்துவிட்டால், வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், காவிரி தாங்கும் அளவு போக மிச்சம் முழுவதும் கொள்ளிடத்தில் தள்ளப்படுகிறது. டெல்டா மூழ்காமல் இருப்பதற்காகக் கொள்ளிடம் அத்தனையையும் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கொண்டுபோகிறது. கொள்ளிடத்தில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடி என்று செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம் என்று வைத்துப் பெருக்கினால், நொடிக்கு 28 லட்சம் லிட்டருக்கு மேல் நம் கண்முன்னே கடந்துபோகிறது என்று பொருள். 2018-லும் 2022-லும் அதற்கு மேலும் வந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் வெள்ளம் நள்ளிரவில் மலையிலிருந்து இறங்கும் காட்டாற்று வெள்ளம் அன்று. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். 2024-இல் ஜூலை 28 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், ஜூலை 31 அன்று கல்லணையைத் திறந்தார்கள். பெருவெள்ளத்தில் நீரின் வேகம் கூடுதலாக இருக்கும் என்றாலும், எங்கள் ஊருக்கு வருமுன் யோசிக்கவும் ஏற்பாடு செய்யவும் அவகாசம் இருக்கிறது. கொள்ளிடத்தில் வெள்ளம் என்பது எந்த ஆண்டு வரும் என்றுதான் தெரியாது. வந்தால் எந்த வழியாக வரும், எந்த மதகு வரை ஏறும், எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் இங்கே ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு ஒரு மாற்றுப்பாதையைக் கோடைக்காலத்திலேயே குறித்து வைத்திருக்கலாம்.

நடந்தது வேறு. ஒரு சனிக்கிழமை மாலை ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாக வந்தது. ஆற்றில் இறங்கக் கூடாது, குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, கால்நடைகளை ஓட்டிச் செல்லக் கூடாது, கரையில் நின்று செல்ஃபி எடுக்கக் கூடாது என்று ஐந்து ‘கூடாது’களைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. மறுநாள் காலை நாங்கள் அரசமரத்தடிக்குப் போனபோது கரை ஏறும் இடத்தில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு கட்டியிருந்தார்கள். காவலுக்கு ஓர் இளைஞர் நின்றிருந்தார். வேறு எப்படிப் போவது என்று கேட்டோம். “ரோட்டு வழியா போயிக்குங்க ஐயா, எனக்கு அவ்வளவுதான் சொன்னாங்க” என்றார். அவர் மேல் தவறில்லை. அவருக்கு அவ்வளவுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர் சொன்ன ரோடு, கரைக்கு வடக்கே போகும் தார்ச்சாலை. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் எந்தெந்தச் சாலைகளில் போகின்றன என்பதைத் தங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று ஆறு மணிக்கு நாங்கள் இருபத்தாறு பேர் அந்தச் சாலையில் ஏறினோம். தாரின் விளிம்புக்கும் பள்ளத்துக்கும் இடையே மண் ஓரம் என்று எஞ்சியிருப்பது சில இடங்களில் ஒரு மீட்டர், பல இடங்களில் ஒன்றரைச் சாண். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமாக ஒருவர் பின் ஒருவராக நடக்கும்படி சொன்னேன். பின்னாலிருந்து வரும் லாரியைக் காது மட்டும்தான் அறியும். முன்னால் வருவதைக் கண் அறியும். சொன்னபடி எல்லோரும் நடந்தார்கள். ஆயினும் சாலை வளைவு ஒன்றில், எதிரே வந்த டிராக்டரை முந்திக்கொண்டு ஒரு லாரி எங்கள் பக்கத்து மண் ஓரத்தில் சக்கரத்தை இறக்கி வந்தது. என் முன்னே நடந்துகொண்டிருந்த எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் பள்ளத்தில் இறங்கிவிட்டார். இறங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவருக்குப் பின்னால் வந்த பையனின் தண்ணீர்ப் புட்டி சாலையில் உருண்டு, அடுத்த லாரியின் சக்கரத்தில் பப்படம் போல் ஆயிற்று. அவன் அதை எடுத்து வைத்துக்கொண்டு வீடு வரை ஒன்றும் பேசாமல் வந்தான்.

ஆற்றில் அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பதிவேட்டில் இருக்கும். அது உண்மையும்கூட.

நடைப்பயிற்சிக்காரர்கள் ஒரு மாதம் வீட்டில் இருந்தால் குடிமுழுகிவிடுமா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் ஊரிலேயே கேட்டார்கள். நாங்கள் இருந்துவிடுவோம். ஆனால் அந்தக் கரை எங்களுக்கு மட்டும் உரியதன்று. ஆற்றங்கரை ஊர்களில் கரைதான் பாதை. படுகையில் வாழை வைத்திருப்பவர்கள், புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்கள், கீழத்தெருவிலிருந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஆகிய எல்லோரும் அதன் வழியாகத்தான் போய் வருகிறார்கள். எங்கள் ஊர்ச் சுடுகாடும் ஆற்றோரத்தில்தான் இருக்கிறது. தடை இருந்த நாட்களில் ஊரில் ஒரு மூதாட்டி காலமானார். அவரைப் பக்கத்து ஊர் மயானத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பாடையைத் தூக்கிக்கொண்டு, பறை முழங்க, அதே தார்ச்சாலையில், அதே லாரிகளுக்கு இடையில் ஊர்வலம் போயிற்று. இருபுறமும் நான்கு இளைஞர்கள் துண்டை வீசி வண்டிகளை நிறுத்திக்கொண்டே போனார்கள். ஆக, மாற்றுப்பாதை என்பது ஞாயிற்றுக்கிழமை நடப்பவர்களின் பொழுதுபோக்குக் கவலை அன்று.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு வரைபடம் உண்டு. ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும், அந்த நிலத்தின் எல்லையையும் அளவையும் காட்டும் ஒரு புலப்படம் உண்டு. முப்பத்தோரு ஆண்டுகள் இவற்றோடுதான் என் பிழைப்பு நடந்தது. எங்கள் ஊர் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், ஆற்றங்கரைக்கு வடக்கே, தார்ச்சாலைக்குத் தெற்கே, இரண்டுக்கும் நடுவில் மேட்டுப் பாங்கான நிலத்தின் ஊடாக ஒரு வண்டிப்பாதை கிழக்கு மேற்காகப் போகிறது. கரையிலிருந்து அதற்குள்ள தூரம், குறைந்த இடத்தில் முந்நூற்று எண்பது மீட்டர். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று எழுதிவைக்கும் அ-பதிவேட்டில் அது அரசு புறம்போக்கு, வண்டிப்பாதை என்றே பதிவாகியிருக்கிறது. ஊரிலுள்ள மூத்தவர்கள் அதற்கு மேட்டுத்தடம் என்று பெயர் சொல்கிறார்கள். ஆற்றில் தண்ணீர் வந்து கரை ஊறிக் கிடக்கும் காலங்களில் மாட்டு வண்டிகள் அந்தத் தடத்தில்தான் போகுமாம். அதாவது, வெள்ளக் காலத்து மாற்றுப்பாதையை நம் பாட்டன்மார் ஏற்கெனவே தேர்ந்தெடுத்து, அரசாங்கமும் அதை அளந்து, கல் நட்டு, படத்தில் குறித்து வைத்திருக்கிறது. இப்போது அதைத் தேடுவாரில்லை.

சாலையில் அந்தப் பெரியவர் விழுந்த மறுநாள், இரண்டு இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு, புலப்பட நகல்களோடும் ஒரு நாடாவோடும் மேட்டுத்தடத்தைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு உற்சாகமாக நான் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை என்று என் மனைவி சொன்னார். மேற்கு முனையில் பாதை நன்றாகவே இருக்கிறது. டிராக்டர்கள் போய் வருவதால் தடம் தெளிவாகத் தெரிகிறது. அறுநூறு மீட்டர் போனதும் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. அதற்குள் குனிந்து புகுந்து, படத்தில் முச்சந்திக் கல் என்று காட்டியிருந்த இடத்தை அளந்து நின்று, காலால் சருகைத் தள்ளிப் பார்த்தோம். கல் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து, தலையில் கரையான் மண் பூசிக்கொண்டு, ஆனால் நட்ட இடத்திலேயே இருந்தது. அதற்குக் கிழக்கே ஓரிடத்தில் வயல் வரப்பு பாதைக்குள் ஒன்றரை மீட்டர் நகர்ந்து வந்து, அதன்மேல் வாழை நிற்கிறது. வேறோரிடத்தில் வைக்கோற்போர். மற்றோரிடத்தில் வாய்க்காலின் குறுக்கே இருந்த குழாய்ப் பாலம் உடைந்து, பாதை துண்டாகிக் கிடக்கிறது; ஒரு தாண்டு தாண்டினால் அக்கரை, ஆனால் பாட்டிகளால் தாண்ட முடியாது. முழுத் தடமும் இரண்டு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். அதில் நடக்க முடியாமல் அடைபட்டிருக்கும் நீளம் மொத்தம் ஐந்நூற்றுப் பத்து மீட்டர்தான்.

வாழை வைத்திருப்பவரை ஆக்கிரமிப்பாளர் என்று ஏசுவதில் எனக்கு விருப்பமில்லை. யாரும் நடக்காத பாதையில் வரப்பு தானாக நகரும். என் பணிக்காலத்தில் அதை நூறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்கீழ் நோட்டீஸ் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் வாழைத்தார் வெட்டுகிற பருவம் வரை பொறுத்து, பிறகு வரப்பை இழுத்துக்கொள்ளும்படி கேட்டாலே அவர் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். நான் பேசிப் பார்த்தேன். “எல்லாரும் நடக்கிறதா இருந்தா நான் ஏன் தடுக்கப்போறேன் அண்ணே, என் மவளும் அந்த வழியாத்தானே பள்ளிக்கூடம் போவணும்” என்றார்.

வெள்ளம் வடிந்தவுடன் கரையைத் திறந்துவிட வேண்டும் என்று எங்களில் சிலரே கூச்சல் போட்டார்கள். இது ஆபத்தான கோரிக்கை. வெள்ளம் பல நாட்கள் நின்றால் கரை மண் நீரை உறிஞ்சிக் கனத்துப் போயிருக்கும். ஆறு நிறைந்திருக்கும் வரை ஆற்று நீரே கரையின் முகத்தில் சாய்ந்து அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. மேட்டூரில் திறப்பைக் குறைத்ததும் ஆற்று மட்டம் ஓரிரு நாளில் மளமளவென்று இறங்கிவிடும். கரைக்குள் புகுந்த நீர் அந்த வேகத்தில் வெளியேறாது. தாங்கிக்கொண்டிருந்தது விலகிவிட, உள்ளே ஊறிய கனம் மட்டும் நிற்கும். கரை பெரும்பாலும் சரிவது அந்த நேரத்தில்தான். நீர் வடிந்த நான்காம் நாள், காவலுக்கு இருந்தவரிடம் சொல்லிவிட்டு, கரையின் வடபுறச் சரிவு வழியாக ஏறிப் பார்த்தேன். ஆற்றுப்பக்க விளிம்பிலிருந்து முக்கால் மீட்டர் தள்ளி, ஆற்றுக்கு இணையாக, நேர்கோடு போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. கோடையில் மண் வெடித்தால் வலை போலக் குறுக்கும் நெடுக்குமாக வெடிக்கும். இது ஒரே கோடு. காட்டாமணக்கு இலைகள் உதிர்ந்து அதை மூடியிருந்தன. என் கைத்தடியை விட்டுப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மேல் இறங்கிற்று. பிள்ளைகள் குருவி வளை எண்ணக் குனிந்து நிற்கும் இடம் அதுதான். மறுநாள் போனபோது அந்தத் துண்டு கரையில் இல்லை, ஆற்றில் கிடந்தது.

முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது 2018 ஆகஸ்ட் 22 இரவு. உச்ச வெள்ளம் கடந்து நீர்வரத்து குறைந்துகொண்டிருந்த வேளை அது. மதகு உடைவதும் மண்கரை சரிவதும் வேறு வேறு என்று பொறியாளர்கள் திருத்தக்கூடும், திருத்தட்டும். தண்ணீர் இறங்கிவிட்டது என்பதாலேயே ஆபத்தும் இறங்கிவிட்டது என்று எண்ணக் கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். இது போதாதென்று, படுகையிலிருந்து தப்பிய பாம்புகள் எல்லாம் மேடு தேடிக் கரைக்குத்தான் வருகின்றன. அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. எனவே தடையை நீர் வடிந்த பின்பும் நீட்டிக்க வேண்டும் என்பதே என் கருத்து. நீர்வளத் துறையைச் சேர்ந்த ஒருவர் கரையை முழு நீளமும் நடந்து பார்த்து, இன்ன இடம் முதல் இன்ன இடம் வரை நடக்கலாம் என்று சொன்ன பிறகு திறந்தால் போதும். எங்கள் ஊரில் முள்ளை அகற்றியது துறை அன்று, ஆடுகள். முள்ளில் இருந்த தழையைத் தின்று, கயிற்றையும் இழுத்துப் போட்டுவிட்டன. யாரும் திறக்காமலே பாதை திறந்துகொண்டது.

தடை நீள வேண்டும் என்று நானே சொல்வதால்தான் மாற்றுப்பாதை இன்னும் அவசியமாகிறது. பத்து நாள் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம். ஐந்து வாரம் என்றால் அந்தத் தார்ச்சாலையில் யாருக்காவது ஏதாவது நேர்ந்தே தீரும். வடகிழக்குப் பருவமழை வேறு ஐப்பசியில் காத்திருக்கிறது. அது ஆடி வெள்ளம் மாதிரி சொல்லிவிட்டு வராது. உள்ளூரிலேயே பெய்து, ஆறு நிறைந்திருந்தால் வடிகால் வாய்க்கால் நீர் ஆற்றுக்குள் போக முடியாமல் எதிர்த்துத் திரும்பி, மதகடியில் கரையை இரு பக்கமும் ஊற வைக்கும். அதற்குள் மேட்டுத்தடத்தைச் சீர்படுத்துவது முடியாத காரியமன்று. கருவேலத்தை அகற்ற ஜே.சி.பி. இயந்திரத்துக்கு இரண்டு நாள் வேலை. உடைந்த குழாய்க்குப் பதில் இரண்டு குழாய் வேண்டும். அளந்து கல் காட்டுவதற்குச் சம்பளமில்லாமல் நான் வருகிறேன்.

அடுத்த முறை ஆட்டோ வரும்போது, ஐந்து ‘கூடாது’களோடு, ‘மேட்டுத்தடம் வழியாகச் செல்லவும்’ என்ற ஒரு வரியையும் சேர்த்துச் சொல்லும்படி ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். முள் போடும் இடத்தில் ஓர் அம்புக்குறிப் பலகையும் கேட்டிருக்கிறோம். பலகையில் தூரத்தைப் போட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். அது தேவையா என்று மற்றவர்கள் சிரித்தார்கள். தூரம் தெரியாத வழியில் யாரும் திரும்பிப் போவதில்லை, முள்ளைத் தாண்டித்தான் போவார்கள் என்று சொன்னேன்.

எங்கள் ஊரைப் போலவே கொள்ளிடத்தின் இரு கரைகளிலும் உள்ள பல ஊர்களின் வரைபடங்களில் இத்தகைய வண்டிப்பாதைகள் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்தந்த ஊர் வாசகர்கள் தங்கள் கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்க்க வேண்டுகிறேன். கரைக்கும் சாலைக்கும் நடுவில், படத்தின் நீளவாக்கில் ஓடும் வண்டிப்பாதை ஏதாவது தென்படுகிறதா என்று தேடினால் போதும். எங்கள் ஊர்ப் படத்தின் நகல் ஒன்றை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். நாங்கள் கண்டெடுத்த ஒன்பது கற்களைச் சிவப்பு மையாலும், இன்னும் தேட வேண்டிய நான்கு கற்களைப் பென்சிலாலும் குறித்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற நில அளவர்,
அரியலூர் மாவட்டம்